அப்பா தேறிவிட்டார், அம்மா ஏன் இன்னும் தேறவில்லை?

கேள்வி இதுதான்: 2021 மே மாதம் அப்பாவுக்குக் கொரோனா. ஒன்பது நாள் வீட்டிலும் பிறகு பதினோரு நாள் மருத்துவமனையிலும் இருந்து பிழைத்து வந்தார். இன்று தினமும் நடைப்பயிற்சி போகிறார். அவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட அம்மாதான் இன்னும் இரவு மூன்று மணிக்கு எழுந்து அவர் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டுகிறார். யார் இருமினாலும் முகம் வெளிறிவிடுகிறது. "ரெண்டு நாள் முன்னாடியே கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்று இப்போதும் சொல்கிறார். அதே மாதம் சித்தப்பா இறந்துபோனார். சித்தி அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. இதெல்லாம் மனநோயா, என்ன செய்வது?

இதில் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. மூன்று மணிக்கு விழிப்பது உடம்பு கற்றுக்கொண்ட பழக்கம். "கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்பது குற்றவுணர்வு. சித்தியுடையது துக்கம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஆனால் வீட்டில் எல்லோரும் மூன்றுக்கும் சேர்த்து ஒரே மருந்தைத்தான் கொடுப்பார்கள்: "அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே, விடு." ஒன்றும் அந்த மருந்துக்குக் கேட்காது.

முதலில், அம்மா அன்று பார்த்த வேலை என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். "சமைச்சுப் போட்டாங்க, மாத்திரை குடுத்தாங்க" என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். அந்த மே மாதத்தின் மூன்றாவது வாரத்தில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியானது. படுக்கை கிடைக்காமல் ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்றன. அதனால் செவிலியர் பார்க்க வேண்டிய வேலை வீட்டுக்கு வந்துசேர்ந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சலும் ஆக்ஸிஜன் அளவும் பார்த்துக் குறிக்க வேண்டும். 94-க்குக் கீழே போனால் குப்புறப் படுக்க வைக்க வேண்டும்: கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, நெஞ்சிலிருந்து தொடைவரை ஒன்றோ இரண்டோ, கணைக்காலுக்குக் கீழே இரண்டு. அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் நிலையை மாற்ற வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகாமல் படுக்க வைக்கக் கூடாது.

வீட்டிலேயே சிலிண்டர் வைத்தவர்கள் பாடு இன்னும் மோசம். முழுதாக நிரப்பிய பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரம் சொச்சம் வரும். 5 லிட்டர் என்றால் ஐந்தே மணி நேரம். இரவு பதினோரு மணிக்குப் புதுச் சிலிண்டர் மாட்டினால் விடியற்காலை நான்குக்கு அது காலி. சிலிண்டரில் மீதி எவ்வளவு என்று காட்டும் அந்த முள்ளைப் பார்க்க வேண்டிய மனுஷி எப்படித் தூங்குவார்? மருத்துவமனையில் செவிலியருக்கு ஷிப்ட் முடியும், அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். அம்மாவிடமிருந்து யாரும் பொறுப்பை வாங்கிக்கொள்ளவில்லை. அப்பா மருத்துவமனைக்குப் போன அன்றாவது வாங்கினார்களா என்றால், அதுவும் இல்லை. உள்ளே விடவில்லை. போன் எப்போது வரும் என்று உட்கார்ந்திருந்தார். காவல் முடிந்தது என்று அவர் உடம்புக்கு யாரும் சொல்லவே இல்லை.

இந்த நோய் ஒரு கெட்ட பாடத்தையும் சொல்லிக்கொடுத்தது. சாதாரணமாக மூச்சு வாங்குவதைப் பார்த்தே ஆபத்து தெரிந்துவிடும். கொரோனாவில் பலர் ஆக்ஸிஜன் அளவு 88 இருக்கும்போதும் தொலைக்காட்சி பார்த்தபடி, "எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்றார்கள். பார்க்க நன்றாக இருப்பதை நம்பக் கூடாது என்பது அன்று உயிர் காத்த அறிவு. இன்று அப்பா நன்றாக இருப்பதை அம்மா நம்ப மறுப்பது முட்டாள்தனமல்ல. அதே அறிவு காலாவதியான பிறகும் வேலை செய்கிறது. கருவியும் அன்று ஒத்துழைக்கவில்லை. விரல் சில்லிட்டிருந்தாலோ, மருதாணியோ நகப்பூச்சோ இருந்தாலோ, கை அசைந்தாலோ எண் மாறும். ஒருமுறை 93, உடனே 96. ஒவ்வொரு முறையும் எதை நம்புவது என்பதை அம்மாவே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

தீவிர சிகிச்சையில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு வரும் இந்தத் தொகுப்பை மருத்துவம் தனியாகவே அடையாளம் கண்டிருக்கிறது. பதற்றம், தூக்கமின்மை, அதிர்ச்சி நினைவுகள், மனச்சோர்வு எல்லாம் அதில் அடங்கும். நோயாளி பிழைத்தாலும் வரும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இரவு விழிப்பிலிருந்து தொடங்குங்கள். மூன்றில் இதுதான் எளிது, பலனும் சீக்கிரம் தெரியும். ஆனால் முதலில் உடம்பைப் பார்த்துவிடுங்கள். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, மாதவிடாய் நிற்கும் வயதின் மாற்றங்கள், குறட்டையோடு வரும் மூச்சுத்தடை எல்லாமே நடு இரவில் எழுப்பும். அம்மாவுக்கும் அப்போது தொற்று வந்ததா என்று கேளுங்கள். பார்த்துக்கொண்டவர்களில் பலர் தங்கள் காய்ச்சலைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கொரோனாவுக்குப் பின் மாதக்கணக்கில் நீடிக்கும் களைப்பும் தூக்கக் கோளாறும் அவர்களுக்கும் உண்டு.

அதன் பிறகு ஆக்ஸிமீட்டர். அதைப் பிடுங்கி ஒளித்துவைப்பதுதான் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறு. கருவி போனால் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பார், நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுவார். பழக்கம் அப்படியே இருக்கும், கூடவே உங்கள் மேல் அவநம்பிக்கையும் சேரும். இன்னொரு தவறு, எழுப்பிக் கேட்கும்போதெல்லாம் "98 இருக்கும்மா, படு" என்று சமாதானம் சொல்வது. அந்த நிமிடம் பதற்றம் இறங்கும். ஆனால் சோதித்தால்தான் நிம்மதி என்று மூளை இன்னொரு முறை கற்றுக்கொள்ளும். நாளை அதே நேரத்துக்கு மறுபடி எழுப்பும்.

செய்ய வேண்டியது படிப்படியான குறைப்பு, அதுவும் அம்மாவின் சம்மதத்தோடு. முதலில் அப்பாவின் மருத்துவரிடம் இருவரும் போய், "இவருக்கு எப்போது ஆக்ஸிஜன் பார்க்க வேண்டும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அப்பாவுக்கு நுரையீரலில் தழும்பு எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் "தேவையில்லை, காய்ச்சல் இருமல் வந்தால் மட்டும்" என்பார். மகன் சொல்வதைவிட டாக்டர் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். முதல் வாரம் காலை, மாலை இரண்டு வேளை மட்டும். இரவில் விழித்தால் பார்ப்பதை அரை மணி நேரம் தள்ளிப்போடுவது. இரண்டாம் வாரம் காலை மட்டும். மூன்றாம் வாரம் கருவி பீரோவுக்குள் போகிறது, சாவி அம்மாவிடமே இருக்கலாம். முதல் நான்கைந்து இரவு பதற்றம் கூடும். இது எதிர்பார்க்க வேண்டியது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சோதிக்காமல் தாக்குப்பிடித்தால் அது ஏறி, நின்று, தானே இறங்கும். இறங்குவதை அவரே பார்ப்பதுதான் வைத்தியம். விழித்துக் கால் மணி நேரமாகியும் தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் கூடத்துக்கு வந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காரட்டும்; கண் சொக்கும்போது திரும்பிப் போகலாம். போன் வேண்டாம். பகல் தூக்கம் வேண்டாம். காலையில் எழும் நேரம் மாறக் கூடாது. படுக்கை என்பது காவல் காக்கும் இடம் அல்ல, தூங்கும் இடம் என்று உடம்புக்கு மறுபடி பழக்குகிறோம், அவ்வளவுதான்.

மருந்துக்கடையில் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை வாங்கிப் போடும் பழக்கம் நம் ஊரில் சர்வசாதாரணம். அது அந்த இரவைக் கடத்தும், பழக்கத்தை மாற்றாது. சில வாரங்களில் அது இல்லாமல் தூக்கமே வராது என்ற நிலை வரும். அம்மா ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்கிற கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

சைரன் கேட்டால் கை நடுங்குகிறது, அந்த மருத்துவமனை இருக்கும் சாலையைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறார், அந்த நாட்கள் மறுபடி நடப்பதுபோல் கண்முன் வருகின்றன, கெட்ட கனவு வருகிறது என்றால் பழக்கத்தைத் தாண்டிவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் இப்படி நீடித்தால் பி.டி.எஸ்.டி-யாக, அதாவது அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறாக, இருக்கலாம். அதற்கென்று பயிற்சி பெற்ற உளவியலாளரின் பேச்சு சிகிச்சை வேண்டும், தேவைப்பட்டால் செர்ட்ரலின் போன்ற மருந்தும். இந்த வகை மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலைத் தவிர வேறொன்றும் தெரியாது. "இது ஒத்துக்கல" என்று பலர் நிறுத்துவது சரியாக அந்த வாரத்தில்தான்.

இனி குற்றவுணர்வு. எனக்குத் தெரிந்து பார்த்துக்கொண்டவர்களை அதிகம் அரிப்பது இதுதான். பெரும்பாலும் மூன்று வாக்கியங்களில் ஒன்றாக வரும்: "முன்னாடியே கூட்டிட்டுப் போயிருக்கணும்", "நான்தான் வெளியே போய் வாங்கிட்டு வந்தேன்", "அந்த ஊசி மட்டும் கிடைச்சிருந்தா". மூன்றுக்கும் ஆறுதல் சொல்லிப் பயனில்லை. தகவல் சொல்லலாம்.

ஊசியைப் பாருங்கள். ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு ஊசிக்காகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலிலும் பிறகு நேரு விளையாட்டரங்கிலும் ஜனங்கள் விடிய விடிய நின்றார்கள். கிடைக்காமல் திரும்பியவர்களில் பலர் அந்த ஏமாற்றத்தை இன்னும் சுமக்கிறார்கள். ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்பே, 2020 நவம்பரில், மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. பின்னால் வந்த முடிவுகளால் பரிந்துரை திருத்தப்பட்டது உண்மை. அப்போதும் ஆக்ஸிஜனில் இருந்தவர்களுக்குத் தெரிந்த பலன் சிறியதுதான். போகிற உயிரைப் பிடித்து நிறுத்தும் மருந்தாக அது எப்போதும் இருந்ததில்லை. உயிரிழப்பைத் தெளிவாகக் குறைத்தது ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு. அது தட்டுப்பாட்டு வரிசையில் நிற்கவைத்த மருந்தே அல்ல.

யார் கொண்டுவந்தார் என்பது பல குடும்பங்களில் அண்ணன் தம்பி பேச்சையே நிறுத்தியிருக்கிறது. கொரோனா தொற்றியவர் அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பரப்பத் தொடங்குவார். அறிகுறியே இல்லாமலும் பரப்புவார். முதலில் இருமியவர்தான் கொண்டுவந்தவர் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. காய்கறி வாங்கப் போன அம்மாவா, பால் பாக்கெட்டை எடுத்த அப்பாவா, "எனக்கு ஒண்ணும் வரல" என்று திரிந்த நீங்களா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இதை ஒருமுறையாவது எல்லோரும் இருக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

"முன்னாடியே கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்பதுதான் கடினம். இதற்கு ஒரு முழுத்தாள் எடுத்து, மேலிருந்து கீழாகக் கோடு கிழித்து மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் தேதி, நேரம். இரண்டாவதில், அந்த நேரத்தில் அம்மாவுக்குத் தெரிந்தது என்ன. மூன்றாவதில், அந்த நேரத்தில் செய்ய முடிந்தவை எவை. நினைவிலிருந்து எழுதக் கூடாது. நினைவு முடிவைத் தெரிந்துகொண்டு கதை சொல்லும். அன்றைய வாட்ஸப் செய்திகள், போனில் யார் யாரைக் கூப்பிட்டீர்கள் என்ற பட்டியல், ஸ்கேன் ரசீது, காலண்டர் தாளின் பின்னால் குறித்த ஆக்ஸிஜன் எண்கள், இவற்றை வைத்து எழுதுங்கள். எழுதும்போது வழக்கமாக இப்படி ஆகும்: இரண்டாவது பத்தியில் அம்மா "நுரையீரல் பாதிச்சிருந்தது" என்று எழுதச் சொல்வார். நிறுத்திக் கேளுங்கள், "இது வியாழக்கிழமை உனக்குத் தெரியுமாம்மா?" தெரியாது, ஸ்கேன் சனிக்கிழமைதான். வியாழக்கிழமை தெரிந்தது 95 என்ற எண்ணும், "வீட்டிலேயே பாருங்க" என்ற டாக்டர் வார்த்தையும்தான். மூன்றாவது பத்தியில் "நான்கு மருத்துவமனைக்குப் போன் செய்தோம், படுக்கை இல்லை" என்று வரும். தாள் நிறைந்த பிறகு தீர்ப்பு எதுவும் நீங்கள் சொல்ல வேண்டாம். ஒரே மூச்சில் முடிக்கவும் வேண்டாம். ஒரு உட்காரலுக்கு ஒரு நாளின் கணக்கு போதும்.

"உன் மேல தப்பே இல்லம்மா" என்று மட்டும் அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். சில வீடுகளில் உண்மையாகவே தாமதம் நடந்திருக்கும், அது அவர்களுக்கும் தெரியும். பரிசோதனைக்குப் போகவே மூன்று நாள் பயந்தவர்கள் உண்டு. அந்தப் பயம் ஆகாயத்திலிருந்து வரவில்லை. 2020-ல் சென்னையில் தொற்று வந்த வீடுகளின் வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள், கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யப் போனவர்களைக் கூட்டம் கல்லால் அடித்தது. உரிய அதிகாரியின் உத்தரவில்லாமல் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்குள் டிசம்பர் வந்துவிட்டது. தாமதத்தில் அம்மாவின் பங்கு எவ்வளவு, தெருவின் பங்கு எவ்வளவு, நிர்வாகத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும்போது, முழுச் சுமையும் அவர் தலையில் இல்லை என்பது அவருக்கே தெரியும்.

குற்றவுணர்வுக்கு அடியில் கோபமும் இருக்கும், அது வெளியே வராது. அப்பா தனி அறையில் இருந்த நாட்களில் தட்டைக் கதவருகே வைத்துவிட்டு நகர்ந்தால் உள்ளிருந்து "என்னத்த சமைச்ச, மண்ணு மாதிரி இருக்கு" என்று வரும். அப்பாவுக்கு நாக்கில் சுவை இல்லை, ஸ்டீராய்டு போட்டால் தூக்கம் கெட்டு எரிச்சல் ஏறும், சர்க்கரையும் ஏறும். அம்மாவுக்கு அது அன்று தெரியாது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சமைத்ததற்குக் கிடைத்த வார்த்தை என்றுதான் பதிந்திருக்கும். மாத்திரை செய்த வேலை அது என்று இப்போது சொன்னாலும் தாமதமில்லை. வெளிநாட்டிலிருந்து வீடியோவில் வந்து "கபசுரக் குடிநீர் குடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்ட சொந்தங்கள் மேலும் கோபம் இருக்கலாம், அது நியாயமான கோபம், தணிக்க வேண்டிய அவசியமில்லை.

அப்பாவுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது, வேறு யாராலும் செய்ய முடியாதது. அந்த நாட்களில் பாதி அவருக்கு நினைவிருக்காது. அம்மாவிடம் அவர் கேட்க வேண்டும்: "அந்த ராத்திரி என்ன நடந்தது, சொல்லு." கேட்டுவிட்டு நடுவில் பேசாமல் இருக்க வேண்டும். பொதுவாக "நீ இல்லன்னா நான் இல்ல" என்பது காதில் விழுந்து போய்விடும். "நாலு மணிக்கு என்னைக் குப்புறத் திருப்பிப் போட்டியே, அது மட்டும் ஞாபகம் இருக்கு" என்பது தங்கும்.

சித்தி விஷயம் வேறு. பேசாமலிருப்பதே நோய் அல்ல. சிலர் பேசாமலே துக்கத்தைக் கடப்பார்கள். ஆனால் கட்டிக்கொடுத்த பொட்டலமாக உடலைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு, அல்லது பார்க்கவே பார்க்காதவர்களுக்கு, ஒரு சிக்கல் உண்டு. அறிவுக்கு இறப்பு தெரியும், மனசு ஒப்புக்கொள்ளாது. முகம் பார்க்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, ஒப்பாரி வைக்க ஆள் வரவில்லை, பதினாறாம் நாள் நான்கு பேரோடு முடிந்தது. நம் ஊரில் துக்கத்தைக் கரைக்கும் வேலையைச் செய்வதே இந்தச் சடங்குகள்தான், அவை நடக்கவில்லை. இதைப் பிந்திச் செய்யலாம். வருகிற திதியன்று, அன்று வர முடியாதவர்களை எல்லாம் அழையுங்கள். தேவாலயத்தில் பூசை, பள்ளிவாசலில் துஆ, எது உங்கள் வழக்கமோ அது. வந்தவர்கள் நோயைப் பற்றிக் கேட்கக் கூடாது. சித்தப்பா எப்படிச் சீட்டாடுவார், யாருக்கு ஜாமீன் போட்டு மாட்டினார் என்று அவரைப் பற்றிப் பேச வேண்டும். சித்தி அழுதால் தண்ணீர் கொடுத்து நிறுத்தாதீர்கள்.

சித்தியால் சித்தப்பாவின் துணி அலமாரியைத் திறக்கவே முடியவில்லை, தினமும் ஏக்கம் அறுக்கிறது, வாழ்க்கைக்கு அர்த்தமில்லை என்கிறார், வேலை எதுவும் ஓடவில்லை என்று வருடங்கள் போயிருந்தால், அது நீடித்த துக்கக் கோளாறாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 நோய் வகைப்பாட்டில் ஆறு மாதம் கடந்தாலே கணக்கில் எடுப்பார்கள், நம் சமூக வழக்கத்தையும் பார்த்துத்தான். தனியாக இருக்கும்போது நேராகக் கேளுங்கள்: "சித்தி, செத்துப் போயிடலாம்னு தோணுதா?" கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது பொய், கேட்டால் பாரம் குறையும். ஆம் என்றால் அன்று அவரைத் தனியே விடாதீர்கள்.

உதவிக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104-ம் உண்டு. சென்னையில் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்தும் அங்கேயே கிடைக்கும். அம்மாவிடம் "மனநல டாக்டர்கிட்ட போகலாம்" என்று ஆரம்பித்தால் "எனக்கென்ன பைத்தியமா?" என்பார். "மூணு மணிக்கு முழிப்பு வருதே, அதுக்குக் காட்டலாம்" என்று கூட்டிப் போங்கள். அது பொய்யும் அல்ல.

ஒன்று மட்டும் நிச்சயம் நடக்கும். எல்லாம் சரியாகி இரண்டு மாதம் கழித்து அப்பாவுக்குச் சாதாரணச் சளி பிடிக்கும், அம்மா பழைய இடத்துக்கே போய்விடுவார். தோற்றுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த அந்தச் சீட்டை இப்போதே குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்: எத்தனை நாள் காய்ச்சல் என்றால் போவது, எந்த எண்ணுக்குக் கீழே என்றால் உடனே போவது, அதுவரை ஒரு நாளில் எத்தனை முறை பார்ப்பது. அந்த ராத்திரிகளைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பத்திலிருந்து இரண்டு வரை நீங்கள், அதன் பிறகு அம்மா. நான்கு மணி நேரமாவது அவருக்கு முறியாத தூக்கம் வேண்டும். மூன்றாம் வாரத்தில் ஆக்ஸிமீட்டரை பீரோவில் வைக்கும்போது உள்ளே இருக்கும் இரண்டு பேட்டரிகளையும் கழற்றிப் பக்கத்தில் வையுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து கருவி கெட்டுவிடும். எடுத்தால் வேலை செய்யும் என்று தெரிந்தால்தான் அம்மா பீரோவைப் பூட்டச் சம்மதிப்பார்.